சுக்கும் வெள்ளமும்

கொச்சி மட்டாஞ்சேரியில் விஷ்ணுப்ரியாவிடம் யாரும் சட்டென்று வழி கேட்கமாட்டார்கள். படகுத்துறை எங்கே என்று கேட்டால் காட்டுவாள்தான். ஆனால் காட்டிய கையை இறக்குவதற்குள் பேச்சு கத்தியவாடிக் குதிரைக்கு வந்துவிடும். அதன் காதுகளைப் பார்த்திருக்கிறீர்களா, உள்ளே வளைந்து நுனியும் நுனியும் முட்டிக்கொண்டு நிற்கும், வெயிலுக்கு அஞ்சாது, கொடுத்ததைத் தின்னும், சவாரிக்கும் ஆகும், வண்டிக்கும் ஆகும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் ஆகும், குழந்தையை ஏற்றினால் குழந்தை மாதிரி நடக்கும் என்று மூச்சுவிடாமல் அடுக்குவாள். வழி கேட்டவர் படகைத் தவறவிட்டு நிற்பார்.

அவளுடைய குதிரைக்குச் சுக்கு என்று பெயர். நிறமும் சுக்கு நிறம்தான், மண்ணும் மஞ்சளும் கலந்த ஒரு மங்கல்; முதுகுத்தண்டு நெடுக ஒரு கறுப்புக் கோடு. குஜராத்தித் தெருவில் சுக்கு வியாபாரம் செய்த சேட்டு ஒருவர் தன் மகனுக்காகக் குஜராத்துக் கத்தியவாரிலிருந்து வரவழைத்த பெட்டைக்குட்டி அது. மகன் கனடாவுக்குப் போய்விட்டான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஓடிவந்து குட்டிக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, ஏறி விழுந்து, மறுபடி ஏறிக்கொண்டிருந்தவள் பக்கத்துத் தெருத் தமிழ்ப் பெண் விஷ்ணுப்ரியா. சேட்டு ரொம்ப யோசிக்கவில்லை. கயிற்றை அவள் கையில் கொடுத்தார். காலியாகக் கிடந்த பழைய சுக்குக் கிட்டங்கியை லாயமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, தெருவில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

எல்லாக் காரியத்திலும் முன்னால் வந்து நிற்கிற ஆளைப் பார்த்து, சுக்கில்லாத கஷாயம் உண்டா என்பார்கள். விஷ்ணுப்ரியா போடுகிற வீடியோவுக்கெல்லாம் அதுதான் தலைப்பு. ஒரு நாள் சுக்கு மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கும். இன்னொரு நாள் சின்ன வண்டியில் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு மிளகு வாசனை அடிக்கிற சந்துகளைச் சுற்றும். குஜராத்திக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, பேண்டு வாத்தியம் காதருகில் வெடித்தாலும் கண் சிமிட்டாமல் நடக்கும். கத்தியவாடி என்றால் ராஜா காலத்துச் சண்டைக் குதிரை, படத்தில் பார்த்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம், இல்லை ஐயா, இது நம் தெருவில் நம்மோடு உழைக்கிற ஜீவன் என்று காட்டவேண்டும். அவள் மண்டைக்குள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதன்மேல்தான் ஈ வந்து உட்கார்ந்தது.

லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய ஆள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவர் போனவர்தான். அதன் பிறகு எல்லாம் விஷ்ணுப்ரியாவே. அவள் பிறந்தது வாசலில் ஜலம் தெளிக்காமல் காபியை அடுப்பில் வைக்காத வீடு. அழுக்கா, தண்ணீர் விடு. நாற்றமா, இன்னும் கொஞ்சம் விடு. சுத்தத்தைப் பற்றி அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்று தரை பளபளக்கும்வரை அடித்தாள். ஈ வந்தது. இன்னும் அடித்தாள். இன்னும் வந்தது. ஒட்டுக் காகிதம் தொங்கவிட்டாள், வேப்பிலைப் புகை போட்டாள், கடையில் விற்கிற மருந்தைத் தெளித்தாள். மருந்து தெளித்த அன்று கொஞ்சம் குறைந்தமாதிரி இருக்கும்; அடுத்த வாரம், செத்ததற்குத் துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி கூட்டமாக வந்து இறங்கும். சுக்கின் கண்ணோரத்தில் மை தீட்டியதுபோல் ஈ. வாலுக்கு ஓய்வே இல்லை. உச்சிவெயிலில் நின்றபடி கண்ணயரும்போதும் வால் மட்டும் இடமும் வலமும் வீசிக்கொண்டிருந்தது. பாவம், அது தூங்கிக்கொண்டே ஈ ஓட்டக் கற்றுக்கொண்டது.

லாயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சிவராமகிருஷ்ணன் மாமாவின் பட்சணக் கடை. சமையற்கட்டு சுவரை ஒட்டியே இருந்தது. ஜாங்கிரி, லட்டு, முறுக்கு, கல்யாணச் சீர் பட்சணம் எல்லாம் அங்கேதான். மாமா கெட்டவர் இல்லை. விச்சு, விச்சு என்று அவளைக் கூப்பிட்டு உடைந்த முறுக்கைச் சுவருக்கு மேலே நீட்டியவர்தான். முதல் மாதம் வேடிக்கையாகவே சொன்னார், குதிரை உன்னோடது, ஈ மட்டும் எனக்குச் சீதனமாக்கும் என்று. பிறகு ஒருநாள் கடைக்கு வந்த ஒருவர் லட்டைக் கையில் வைத்து உற்றுப் பார்த்து, இது திராட்சையா, வேறு ஏதாவதா என்று கேட்டிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே திராட்சை பறந்துபோயிற்று. அதோடு மாமாவின் வேடிக்கையும் பறந்துபோயிற்று.

புகார் போனது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஸாதனா ஸ்கூட்டரில் வந்து லாயத்தின் நடுவில் நின்று, ஒரு கையால் முகத்துக்கு நேரே வீசிக்கொண்டே பேசினார். பதினைந்து நாள் கெடு. அதற்குள் ஈ அடங்கவேண்டும், இல்லையென்றால் குதிரை ஊருக்குள் இருக்கக் கூடாது. மட்டாஞ்சேரியில் மனிதருக்கே கால் நீட்ட இடம் இல்லை, குதிரைக்கு இன்னொரு லாயத்துக்கு எங்கே போவது? பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் சுக்கை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு வேண்டியது பங்களா வாசலில் கட்டிவைத்து வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு குதிரை. சுக்கு அங்கே போனால் நன்றாகத் தின்னும், கொழுக்கும், ஒரு கஷாயத்திலும் சேராது. கெடு முடிந்த மறுநாளே லாரி அனுப்புகிறேன் என்று அவர் சொல்லிவைத்திருந்தார்.

பட்ட காலிலே படும் என்பதுபோல், ராஜ்கோட் பக்கத்தில் கத்தியவாடி வளர்ப்பவர்கள் கூடும் சந்தையும் அதே பதினைந்து நாளுக்குள் வந்து விழுந்தது. கடலோரத்து ஈரக் காற்றில் ஒரு கத்தியவாடி எப்படி வேலை செய்கிறது என்று அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எழுதி எழுதி, வீடியோ அனுப்பி அனுப்பி, கெஞ்சாத குறையாகக் கிடைத்த அழைப்பு. போகாமல் இருந்தால் சுக்கைப் பற்றி உலகத்துக்குச் சொல்லக் கிடைத்த ஒரே மேடை போகும். போனால் சுக்கே போய்விடுமோ என்று பயம். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வீரபாண்டி இருக்கிறாரே என்ற தைரியத்தில் கிளம்பினாள்.

வீரபாண்டி அந்த வாரம்தான் லாயத்து வேலைக்குச் சேர்ந்திருந்தார். உசிலம்பட்டிக்காரர். எர்ணாகுளம் கலூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர், முழங்கால் மக்கர் பண்ணி சாரத்தில் ஏற முடியாமல் போனதால் தரையில் நிற்கிற வேலையாகத் தேடி வந்தார். குதிரையை அதற்கு முன்னால் அவர் தொட்டதுகூட இல்லை. கேரளத்தில் தமிழனைப் பாண்டி என்று கூப்பிட்டால் அதில் மரியாதை கிடையாது. ஆனால் தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் சீண்டுவதற்காகப் பாண்டி என்று குரல் கொடுத்தால் இவர் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார். பெயரில் பாதி அதுதானே? வந்து ஒரு வாரத்தில் தெருவே தன் பேரைத் தெரிந்துவைத்திருக்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை. சீண்டியவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. விஷ்ணுப்ரியா மட்டும் எதற்கு வம்பு என்று அவரை வீரண்ணா என்றாள். அவர் அவளைப் பாப்பா என்றார்.

இரண்டு பேரும் பேசியது தமிழ்தான். ஆனால் அவள் தமிழ் வீட்டில் காதால் கேட்டு வந்தது, பள்ளிக்கூடத்தில் மலையாளத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தது. தமிழ் எழுத்து அவளுக்குத் தடவித்தான் வரும். மலையாள எழுத்து அவருக்கு மாமா கடை ஜாங்கிரி. அதனால் ரயில் ஏறுமுன் சொல்லவேண்டியதையெல்லாம் பேசிப் பதிவுசெய்து அவருடைய போனுக்கு அனுப்பினாள். கொள்ளு எவ்வளவு, புல் எவ்வளவு, குளம்பை எப்படித் துடைப்பது என்றெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, உயிர்நாடியான விஷயத்தைக் கடைசியில் அழுத்திச் சொன்னாள்.

"வீரண்ணா, இது மறக்கப்படாது. காலம்பறயும் சாயங்காலமும் லாயம் முச்சூடும் வெள்ளம் ஒழிக்கணும். மூலை முடுக்கு ஒண்ணும் விடப்படாது. நன்னா வெள்ளம் ஒழிச்சாத்தான் ஈச்சை போகும், கேட்டேளா? இல்லைன்னா சுக்கு நம்மகிட்ட இருக்காது."

வீரபாண்டி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஈச்சை என்றால் ஈதான் என்று பிடிபட்டது. கடைசி வாக்கியத்தில் பாப்பாவின் குரல் உடைந்தது அவருக்கும் கேட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

ராஜ்கோட் சந்தை விஷ்ணுப்ரியாவுக்குச் சொர்க்கம். காது முட்டிக்கொண்ட குதிரைகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. அவள் மேடையேறி, திக்கித் திணறி இந்தியில் ஆரம்பித்து, இந்தி தீர்ந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவி, அதுவும் பற்றாமல் போனபோது வீடியோவைப் போட்டாள். கடற்கரையில் சுக்கு ஒரு சின்னப் பெண்ணைச் சுமந்துகொண்டு அலைக்கும் மணலுக்கும் நடுவே நடந்து போவதைப் பார்த்து, மீசைக்காரர்களெல்லாம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவு ஈரத்தில் குதிரை சௌக்கியமா என்று ஒருவர் கேட்டார். சௌக்கியம் என்று சொல்லும்போது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அங்கே லாயங்களையும் சுற்றிப் பார்த்தாள். தரையெல்லாம் புழுதி. ஒருவரும் கழுவுவதாகத் தெரியவில்லை. பாவம், தண்ணீர் கஷ்டம் உள்ள சீமை, கழுவ ஆசைப்பட்டாலும் முடியாது என்று அவர்களுக்காக வருத்தப்பட்டாள். அங்கே ஈயே இல்லை என்பது கண்ணில் பட்டது, கருத்தில் படவில்லை.

அன்றைக்கு வீரபாண்டிக்குப் போன் போட்டு வெள்ளம் ஒழித்தாரா என்று கேட்டாள்.

"ஒழிச்சாச்சு பாப்பா."

"மூலையெல்லாம் நன்னா ஒழிச்சேளா?"

"மூலையிலதான் பாப்பா வேலையே. ஒரு சொட்டு பாக்கி வைக்கல."

தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றிக் கழுவியிருக்கிறாரே என்று அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அடுத்தடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். ரொம்ப நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வர ரயில் ஏறினாள்.

ரயில் நடுவில் எங்கெங்கோ நின்றுவிட்டது. எர்ணாகுளத்தில் அவள் இறங்கியபோது கெடு முடிகிற நாளின் காலை வெயில் ஏறியிருந்தது. இன்ஸ்பெக்டர் இன்றைக்கு எந்நேரமும் வரலாம். படகில் ஜன்னலோரம் உட்கார்ந்து வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேன்கள் நகர்வதைப் பார்த்தபடி, கண்ணில் பட்டதையெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த பெண் மட்டாஞ்சேரியில் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டாள். விஷ்ணுப்ரியா கையைக் காட்டினாள். அவ்வளவுதான். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கிட்டங்கிக் கதவைத் தள்ளி உள்ளே கால் வைத்ததும் முதலில் தரையைப் பார்த்தாள். தரையில் ஈரம் என்பதே இல்லை. கழுவிப் பல நாள் ஆனமாதிரி கிடந்தது. ஒரு மூலையில் தளத்தை யாரோ உடைத்து மறுபடி பூசியிருந்தார்கள். வைக்கோலைக் காணோம், அது இருந்த இடத்தில் மரத்தூள் மெத்தென்று பரந்திருந்தது. ஹோஸ் சுருட்டி, முடிச்சுப் போட்டு, உத்தரத்தில் தூக்கில் தொங்கவிட்ட மாதிரி தொங்கியது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வீரபாண்டி நடுவில் நின்றார், கல்யாண வீட்டில் பெண்ணுக்கு அப்பா நிற்கிற மாதிரி.

"என்ன வீரண்ணா இது? வெள்ளம் ஒழிக்கவே இல்லையா?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "எங்க பாப்பா இருக்கு வெள்ளம்? ஒரு சொட்டுக் காட்டுங்க பாப்போம்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பதில் சொல்ல நேரமில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி ஹோஸின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஒரு தடவையாவது அடித்துக் கழுவிவிட்டால் போதும். முடிச்சு அசையவில்லை. சாரம் கட்டுகிறவர் போட்ட முடிச்சு. நாலு மாடி உயரத்தில் ஆளைத் தாங்குகிற முடிச்சு விரல் நகத்துக்கு அவிழுமா? நகம் ஒடிந்தது. வாயால் கடித்து இழுத்தாள். வியர்வை கழுத்தில் வழிந்தது, கையில் வழிந்தது, கிச்சுக்கிச்சு மூட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி கடித்தாள்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. வியர்த்த கையில் ஒரு ஈ உட்காரவில்லை.

முக்காலியிலேயே நின்றபடி திரும்பிப் பார்த்தாள். சுக்கு ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றபடியே தூங்கியது. கண்ணோரம் துடைத்துவிட்ட கண்ணாடி. வால் நேராகத் தொங்கியது. அசையவில்லை. எத்தனையோ நாளாக ஓயாமல் ஆடிய அந்த வால் இப்போது சுவரில் மாட்டிய துடைப்பம் போல் சும்மா இருந்தது. விஷ்ணுப்ரியா இறங்கிப் போய் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். மூச்சு அவளுக்குத் தானாக வெளியே வந்தது, எத்தனை நாளைய மூச்சோ.

பிறகு வீரபாண்டியை உட்காரவைத்து, என்னதான் செய்தேள் என்று கேட்டாள். வீரபாண்டிக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை. அவள் சொன்னபடி செய்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை என்றார். வெள்ளத்தை ஒழிக்கணும் என்று சொன்னாளா இல்லையா? வந்து பார்த்தால் மேற்கு மூலை பள்ளம். கழுவுகிற தண்ணீரெல்லாம் லத்தியையும் வைக்கோலையும் கரைத்துக்கொண்டு அங்கே போய்த் தங்கி, களிமண் மாதிரி ஊறிக் கிடந்தது. குச்சியால் கிளறினால் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. பாப்பா சொன்ன வெள்ளம் இதுதான் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தளத்தை உடைத்து வாட்டம் கொடுத்துப் பூசினார், தெருவோரச் சாக்கடைக்கு வழி வெட்டினார். தண்ணீர்த் தொட்டியில் ஒழுக்கு, அதையும் அடைத்தார். ஊறின வைக்கோலை வாரி வெளியேற்றிவிட்டு, பழைய மேசை நாற்காலி செதுக்கி விற்கிற பட்டறைகளிலிருந்து மரத்தூள் வாங்கி வந்து போட்டார். லத்தியிலும் ஈரம் இருக்கிறதே, அதுவும் வெள்ளம்தானே? விழ விழ அள்ளி மொட்டைமாடியில் மாசி வெயிலுக்கு மெல்லிசாகப் பரப்பினார். காய்ந்ததைச் செடி விற்கிறவன் வந்து வாங்கிப் போனான். வெள்ளத்தை ஒழிக்கச் சொன்ன பிறகு ஹோஸுக்கு என்ன வேலை என்று அதைக் கட்டித் தொங்கவிட்டார்.

"குதிரை குடிக்கிற தண்ணியை மட்டும் ஒழிக்கல பாப்பா," என்றார். "அதைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு கொஞ்சம் யோசிச்சேன். பாவம், வாயில்லா ஜீவன்."

விஷ்ணுப்ரியா சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளம் என்றால் மலையாளத்தில் வெறும் தண்ணீர், ஒழிக்கணும் என்றால் ஊற்றணும் என்று அவள் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தலைகீழாகச் செய்துவிட்டேனா என்று கேட்டார். தலைகீழாக நின்றது நான்தான், நீங்கள் நேராக நிமிர்த்திவிட்டீர்கள் என்று அவள் சொன்னாள். கொச்சியின் ஈரத்தில் கழுவக் கழுவ ஈக்குத் தொட்டில் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது இத்தனை நாளாக அவளேதான். ஈ முட்டையிட ஈரம் இல்லையென்றால் அடுத்த தலைமுறை ஏது? புழுதிபறந்த ராஜ்கோட் லாயங்கள் இப்போதுதான் அவள் மண்டையில் வந்து உட்கார்ந்தன.

வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஸாதனா உள்ளே வந்து பழக்கதோஷத்தில் கையை முகத்துக்கு நேரே வீசினார். இரண்டு தடவை வீசிவிட்டு, வீச ஒன்றும் இல்லை என்று கண்டு கையைக் கீழே இறக்கினார். மூலையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், மரத்தூளைச் செருப்பு நுனியால் கிளறினார். நம்பவில்லை. மாமாவைக் கூப்பிட்டு, ஒரு ஜாங்கிரி கொண்டுவரச் சொன்னார். மாமா வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார். அதைச் சுவர்மேல் மூடாமல் வைத்துவிட்டு நாலு பேரும் நின்று பார்த்தார்கள்.

பாகு வெயிலில் மினுங்கியது. விஷ்ணுப்ரியா சுக்கின் கயிற்றைப் பிடித்திருந்தாள். கயிறு அவள் உள்ளங்கையில் நனைந்தது.

ஓர் ஈ வந்தது. எங்கிருந்தோ வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஜாங்கிரியின் நடு வளையத்தில் சாவகாசமாக உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டது. விஷ்ணுப்ரியாவுக்குப் பொள்ளாச்சி லாரியின் சத்தம் காதிலேயே கேட்டது. வீரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஈயையே முறைத்தார். இரண்டாவதுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஒன்றும் சலித்துப்போய்க் கிளம்பியது. சுவரைத் தாண்டி மாமாவின் கொல்லைப்பக்கம் போயிற்று.

ஸாதனா எட்டிப் பார்த்தார். மாமாவின் கொல்லையில் பாகுச் சட்டி கழுவிய தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது.

"ஒரு ஈச்சைன்னா அது கொச்சிக்கு உள்ளது, குதிரைக்கு உள்ளது இல்லை," என்று இன்ஸ்பெக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "குதிரை இங்கயே இருக்கட்டும். அண்ணன் அந்தக் குட்டையை ஒண்ணு பாக்கணும்," என்று மாமா பக்கம் திரும்பினார்.

விஷ்ணுப்ரியா கயிற்றை விட்டுவிட்டுக் கைகூப்பினாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில் பதினைந்து நாளாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. மேடம், இதன் காதைப் பாருங்கள், கத்தியவாடிக்கு இப்படித்தான், சவாரிக்கும் ஆகும், வண்டிக்கும் ஆகும், உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அழைத்து வாருங்கள், நடக்கிறதே தெரியாது, ஊஞ்சல் மாதிரி இருக்கும் என்று அவள் பொழிந்த பொழிவில், ஸாதனா நின்ற வாக்கிலேயே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். ஆனாலும் வண்டியை எடுக்குமுன் திரும்பி, மகளுக்கு ஏழு வயது ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டா என்று கேட்டார்.

அன்றைக்கே பொள்ளாச்சிக்குப் போன் போட்டு லாரி வேண்டாம் என்று சொன்னாள். தோப்புக்காரர் கோபப்படவில்லை, அவர் வீட்டிலும் ஈத் தொல்லை உண்டாம், வழி ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னார். அன்று மத்தியானம் சோறு சோறாக ருசித்தது அவளுக்கு. சுக்கு தூங்கியது, அவளும் அதன் பக்கத்தில் மரத்தூளில் சாய்ந்து, தேக்கு வாசனையில் சாயங்காலம்வரை தூங்கினாள்.

அடுத்த வாரம் குஜராத்தித் தெருவில் ஒரு கல்யாணம். சுக்குக்கு ஜரிகைப் போர்வை போட்டு, மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, ரோஜா இதழ் ஒட்டிய பிடரியோடு நடத்திக்கொண்டு திரும்பியபோது மாமா வீட்டுக் கொல்லையிலிருந்து சளசளவென்று சத்தம் கேட்டது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புத்தம்புது ஹோஸால் கொல்லை முழுக்கத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். குட்டை குளமாகியிருந்தது.

என்ன மாமா இது என்று கேட்டாள்.

"உன் ஆள் சொன்ன வைத்தியம்தான்," என்றார் மாமா, முகமெல்லாம் திருப்தியாக. "என்ன மருந்து அடிச்சேள்னு கேட்டேன். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை சாமி, வெள்ளத்தை ஒழிச்சோம், அவ்வளவுதான்னான். இது எனக்குத் தோணாமப் போச்சே, பாத்தியா. காலம்பறலேர்ந்து ஒழிச்சிண்டே இருக்கேன்."

விஷ்ணுப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, வெள்ளம் ஒழிக்காதேங்கோ," என்று கத்தினாள்.

இந்தப் பக்கம், தொட்டியைச் சாய்த்து அடித்தண்ணீரைச் சுரண்டி வெளியேற்றிக்கொண்டிருந்த வீரபாண்டி, அப்படியே கையை நிறுத்தினார். சாய்ந்த தொட்டியைப் பிடித்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா," என்றார் மெதுவாக, "இது எந்தப் பாஷை ஒழிக்காதே?"